எடிட்டிங் பாக்கியை வாங்கிய கதை: 26ஏஎஸ் பார்க்க மறக்காதீர்கள்

ஆவணப்படத்தில் எடிட்டருக்குத்தான் கடைசியில் பணம் வரும். ஷூட்டிங்கில் பட்ஜெட் கரைந்த பிறகுதான் நம் பில் மேஜைக்கே போகும். மும்பை தாராவியின் தோல் பட்டறைத் தொழிலாளர்கள் பற்றிய படத்தில் எனக்கு நடந்தது இதுதான்.

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. திருநெல்வேலிப் பேச்சு மொத்தத்தையும் எழுதிக் கொடுத்து, சப்டைட்டிலும் நானே போட்டேன். பிக்சர் லாக் ஆனது, அதாவது இனி காட்சிகளில் வெட்டோ மாற்றமோ இல்லை என்று முடிவானது. ஒப்பந்தப்படி இறுதிப் பிரதியான மாஸ்டரும், எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைலும் பில்லோடு சேர்ந்தே போய்விட்டன. முன்பணம் தவிர ஒரு பைசா வரவில்லை.

செம்பூரிலிருந்து அந்தேரியில் இருக்கும் தயாரிப்பு ஆபீஸுக்குப் போய் வந்தாலே அரை நாள் காலி. அங்கே அக்கவுண்ட்ஸ்காரர் தலை நிமிராமல் "ஹோ ஜாயேகா மேடம்" (ஆகிவிடும் மேடம்) என்பார். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் மாறியது. "சேனல் இன்னும் அப்ரூவ் பண்ணவில்லை, உங்கள் பில் கணக்கிலேயே ஏறவில்லை" என்றார். ராத்திரி பகலாக உட்கார்ந்து வெட்டிய படம். வயிறு எரிந்தது.

மாட்டுங்காவில் இருக்கும் சீனியர் எடிட்டர் அக்கா ஒருவர்தான் "26ஏஎஸ்ஸை எடுத்துப் பாரும்மா" என்றார். நம் பேன் எண்ணில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் வருமான வரிப் படிவம் அது. வருமான வரித் தளத்தில் இறக்கிப் பார்த்தால், என் பாக்கித் தொகை முழுவதற்கும் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடித்து, மார்ச் 31 தேதி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்! பணமே தராத நிலையில் டிடிஎஸ் கட்டியிருக்கிறார்கள் என்றால், பில்லைச் செலவாகக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அவர்கள் சொன்னது பச்சைப் பொய்.

அக்கா சொல்லித்தான் வேலை தொடங்கும் முன்பே உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்து வைத்திருந்தேன். அது முற்றிலும் இலவசம், ஆதாரும் பேனும் போதும். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. பதிவு இருந்தால், 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகார்களுக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் பதிந்தேன். அந்த எண், 26ஏஎஸ் பக்கம், உத்யம் சான்றிதழ் மூன்றையும் இணைத்து தயாரிப்பாளருக்கும் அவருடைய ஆடிட்டருக்கும் மெயில் அனுப்பினேன். 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். அதன்படி, அந்த 45 நாள் கெடு தாண்டினால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவை அவர்கள் வருமானத்திலிருந்து கழிக்க முடியும். தயாரிப்பாளரை விட ஆடிட்டருக்குத்தான் அது சுரீரென்று உறைக்கும். இத்தனை நாள் போனை எடுக்காதவர்கள், அன்று சாயங்காலமே தாங்களாகக் கூப்பிட்டார்கள்! அந்த வாரமே அசல் முழுவதும் வந்துவிட்டது.

புதிதாக வருபவர்களுக்கு: எத்தனை முறை திருத்தம், சப்டைட்டிலுக்குத் தனிக் கட்டணம், இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பாக்கி வரும்வரை டைம்கோடு பதித்த பிரதி (படத்தின் மேலேயே நேர எண் ஓடும், வெளியிட முடியாத பிரதி) மட்டும்தான் தருவேன் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வட்டி இன்னும் வரவில்லை. "அதான் பணம் வந்துவிட்டதே, புகாரை வாபஸ் வாங்குங்கள்" என்கிறார்கள். நான் வாங்கவில்லை.