கருப்புத் திரையில் 20 விநாடி

கல்யாணமும் காதணி விழாவும் எடுத்துப் பழகிய எனக்கு மின்னல் எடுக்கும் வேலை ஒரு நாள்காட்டியால் வந்தது. வாடிக்கையாளர் ஒரு கட்டுமான நிறுவனம். அவர்கள் கட்டிய கட்டடத்துக்குப் பின்னால் மின்னல் வெட்ட வேண்டுமாம். "சிங்கப்பூரில் மின்னலுக்கா பஞ்சம்?" என்றார் முதலாளி. அதென்னவோ உண்மைதான். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இங்கே இடி இடிக்கிறது. 2009 பிப்ரவரியில், சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலையையே மின்னல் பதம் பார்த்தது.

முதல் நாள் மாலை, மின்னலைப் பார்த்துப் பார்த்து ஷட்டரை அமுக்கினேன். எல்லாம் இருட்டு. ஸ்டுடியோவில் மூத்த அண்ணன் சிரித்தார். "பார்த்துட்டு அமுக்கினா முடிஞ்சுபோன மின்னல்தான் தம்பி. ஷட்டர் கதவை முன்னாடியே திறந்து வை, அதுவா வரும்."

அப்புறம் இரவுக்கு மாறினேன். ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம், டிரைபாட், கேமராவைத் தொடாமல் ஷட்டரை அமுக்கும் கேபிள் ரிலீஸ். தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் வைத்து, அதை மேனுவலில் நிறுத்திவிட்டேன். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரமான அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 20 விநாடி. மின்னல் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. அதனால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதன் வெளிச்சம் கூடாது, குறையாது. அதை முடிவு செய்வது அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். விநாடி கூடக்கூட நகரத்து வெளிச்சம்தான் ஏறி, மேகமெல்லாம் ஆரஞ்சாகிவிடும்.

குளிர்சாதனக் காரிலிருந்து எடுத்த லென்ஸில் ஆவி படிந்து பாதி நேரம் போனது. ஒருவழியாக முதல் படம் முடிந்தது. உடனே திரை கருப்பானது. ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் படத்தில் விழும் புள்ளிகளை (இரைச்சல் என்பார்கள்) நீக்கும் வசதியை அணைக்க மறந்திருந்தேன். 20 விநாடி எடுத்தால் இன்னொரு 20 விநாடி கேமரா தன் வேலையைப் பார்க்கும், நம்மைக் கண்டுகொள்ளாது. சரியாக அந்த இடைவெளியில், சரியாக அந்தக் கட்டடத்துக்குப் பின்னால், வேர்விட்டதுபோல் ஒரு மின்னல். நானும் கேபிளைப் பிடித்தபடி நல்ல ரசிகனாகப் பார்த்தேன்.

பகலுக்கென்று ஒரு டிரிகரும் வாங்கினோம். ஒரே மின்னல் பெரும்பாலும் அதே பாதையில் பலமுறை துடிக்கும். முதல் துடிப்பின் ஒளியைக் கண்டு டிரிகர் ஷட்டரைத் தட்டினால், அடுத்த துடிப்புகள் மாட்டும். பகலில் இது கைகொடுக்கும். ஆனால் இரவில் அது வீண் செலவு என்பேன்.

படம் கிடைத்தது ஒரு விடியற்காலையில், சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் வந்தபோது. மொட்டைமாடியை விட்டு ஒரு தளம் கீழே, கூரைக்கடியில் நின்றிருந்தேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினேன். 30 விநாடிக்குக் கீழே வந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். 24 வந்தது. தொடர்ந்து எடுக்கும்படி வைத்து, கேபிளின் பொத்தானைப் பூட்டிவிட்டு, காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் இல்லாதபோதுதான் கேமரா அதைப் பிடித்தது.

முதலாளி பெருமையாக அனுப்பினார். "எங்கள் கட்டடத்தில் இடி விழுந்ததுபோல் இருக்கிறதே" என்று பதில் வந்தது. நாள்காட்டியில் ஏறியது, போன வருடம் நான் எடுத்த வெயில் படம்.