கீபோர்டு டிராயர் வைத்த கம்ப்யூட்டர் மேசை: 26 மி.மீ. கணக்கு

மேசை செய்வது சுலபம். அதில் டிராயர் சிக்காமல் ஓடுவதுதான் வேலை. மேல்பலகை, கால், பின்பக்கக் குறுக்குப்பலகை எல்லாம் 18 மி.மீ. ப்ளைவுட்டில் வழக்கம்போலச் செய்துவிடலாம். பின்பலகையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் டிராயரை இழுக்கும்போதெல்லாம் மேசை ஆடும்.

முதலில் உயரம். மேசையின் மேல்மட்டம் தரையிலிருந்து 75 செ.மீ. என்றால் பலகையின் அடிப்பக்கம் 73.2. அதற்குக் கீழே 7 செ.மீ. இடைவெளி விட்டால் டிராயர் தளம் 66.2-ல் வரும். கீபோர்டின் பின்காலை நிமிர்த்தினாலும் இடிக்காது, மவுஸைப் பிடித்த கையும் தாராளமாக நுழையும். டிராயருக்கு அடியில் 64.4 செ.மீ. மிஞ்சுகிறது. உட்கார்ந்து பார்த்து, தொடை தட்டுமா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள்.

டிராயரை முன்னும் பின்னும் ஓடவிடும் நீளும் தண்டவாளம்தான் டெலஸ்கோபிக் சேனல். அதில் மூன்று அடுக்கு உள்ளதை, 350 மி.மீ. நீளத்தில் வாங்குங்கள். இரண்டு அடுக்கு முழுசாக வெளியே வராது, கீபோர்டின் பின்பாதி மேசைக்கடியிலேயே நின்றுவிடும். இந்தச் சேனல் பெரும்பாலும் 45 மி.மீ. உயரம் இருக்கும், 18 மி.மீ. பலகையின் விளிம்பில் நிற்காது. அதனால் டிராயர் பலகையின் இரு ஓரத்திலும் 50 மி.மீ. உயர ப்ளைவுட் பட்டையை, அடிமட்டம் சமமாக இருக்கும்படி பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள். மவுஸ் கீழே விழாமலும் அது தடுக்கும்.

சேனலின் ஒரு பாதி இந்தப் பட்டையில் ஏறும். மறுபாதி, மேல்பலகைக்கு அடியில் தொங்கும் 9 செ.மீ. உயரப் பலகைகளில் ஏறும். டிராயர் வெளியே வந்திருக்கும்போது கையை ஊன்றினால் பாரம் முழுக்க இவற்றின் முன்முனையில்தான் இறங்கும். பலகைக்கு மூன்று எல் பிராக்கெட் போட்டு, ஒன்றை முன்விளிம்பை ஒட்டியே வையுங்கள்.

தொங்குபலகைகளை மாட்டி முடிக்கும்வரை டிராயரை அறுக்கவே கூடாது. மாட்டியபின் அவை இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்துபாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் மேலே போகலாம். பின்னால் 2 மி.மீ. குறைந்தாலும் உள்ளே தள்ளத் தள்ள டிராயர் இறுகும். ஒரு சேனலுக்கு 12.7 மி.மீ. வீதம் இரண்டுக்கும் 25.4 ஆகிறது, 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 750 என்றால் பட்டைகளோடு சேர்த்து டிராயரின் வெளியகலம் 724. உள்ளே 688 கிடைக்கும், முழு அளவு கீபோர்டும் மவுஸ் பேடும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். டிராயரின் அகலம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் சேனலுக்குப் பின்னால் லேமினேட் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். கூடினால் சேனலுக்குள் குண்டுகள் நெரிந்து கரகரக்கும், பட்டையை இழைத்தே ஆகவேண்டும்.

ஸ்க்ரூ 16 மி.மீ. போதும். தலை தட்டையாக இருக்கவேண்டும், புடைத்தால் சேனலின் நகரும் பகுதியில் உரசும். முதலில் சேனலின் நீள்வட்டத் துளைகளில் மட்டும் ஸ்க்ரூ போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தளர்த்தி, தூக்கி, மறுபடி முறுக்கலாம். சரியாக ஓடியபிறகே வட்டத் துளைகளில் போடுங்கள். கழற்றும்போது உள்பாதியிலுள்ள பிளாஸ்டிக் நெம்பை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் அழுத்தவேண்டும், இரண்டையும் ஒரே திசையில் அழுத்தினால் வராது.

வயர் கீபோர்டு என்றால், பின்னால் 40 செ.மீ. வயரைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மேல்பலகையின் அடியில் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுங்கள். டிராயரை முழுசாக இழுத்தாலும் பிளக் இழுபடாது.