நான் வெட்டிப் போட்ட நொடிகள்

2022 ஆகஸ்ட் மாதம் முழுவதும் நான் ஒரு இரும்புக் கோபுரத்தின் மேல் கேமராவோடு நின்றேன். அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே புள்ளியியல் முதுகலை மாணவன். மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். நூலகத்தில் கேட்டேன், இடமில்லை. உணவுக்கூடத்தில் தட்டு கழுவப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்கக் கால்பந்து அணியின் வீடியோ பிரிவுக்குக் கொஞ்சம் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. சேர்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் விளக்கினேன். "கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு எதுக்குடா கால்பந்துன்னு பேரு?" என்றார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கி பார்த்து வளர்ந்தவன் என்பதால் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டது. ஹாக்கியில் கோல்கீப்பர் ஒருவர்தான். இரண்டாவது கோல்கீப்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் அப்படி. நடுவில் குனிந்து நிற்பவன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவான், அதுதான் ஸ்நாப். அதை வாங்கும் குவார்ட்டர்பேக் எறியலாம், இன்னொருவனிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். எதிரே நாலைந்து பேர் அவனை மண்ணில் சாய்ப்பதற்கென்றே பாய்ந்து வருவார்கள். இரண்டரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். மூன்றாகிவிட்டால் பெரும்பாலும் வம்புதான்.

எங்கள் அணியில் அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஏழாம் நம்பர், 2020 கோவிட் பருவத்தை, ஒரு மாணவன் ஆடக்கூடிய நான்கு பருவக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் ஐந்தாவது ஆண்டும் விளையாட வந்தவன். கை சுமார், பந்து போய்ச் சேரும், ஆனால் அவசரம் இல்லாமல் போகும். பன்னிரண்டாம் நம்பர் இரண்டாமாண்டு. அவன் எறிந்தால் பந்து, அதைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் கையில் விழும் சத்தம் கோபுரத்தின் மேல் எனக்குக் கேட்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் பன்னிரண்டுதான். முடிவெட்டப் போன கடையிலும் அதே பேச்சு.

வசந்தகாலத்தில் 15 நாள் பயிற்சி நடந்தபோதே முடிவு செய்திருக்கலாமே என்று நான் வெகுளித்தனமாக ஒருமுறை கேட்டேன். குவார்ட்டர்பேக்குகளுக்கான கோச் சிரித்தார். ஏப்ரலில் ஒருவன் பெயரைச் சொன்னால் மே மாதத்தில் இன்னொருவன் இருக்கமாட்டான். 2021-ல் வந்த விதிப்படி அப்போது ஒரு மாணவன் ஒருமுறை ஓராண்டு காத்திராமலே வேறு கல்லூரிக்கு மாறி உடனே விளையாட முடிந்தது. 2022-ல் அதற்கு மே 1-க்குள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற, கல்லூரி மாற விரும்புவோர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட வேண்டியிருந்தது. அந்தத் தேதி தாண்டும்வரை எந்தக் கோச்சைக் கேட்டாலும் "இருவருமே பிரமாதம்" என்றுதான் பதில் வந்தது. பத்திரிகையாளர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 2018-ல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் நான்கு போட்டிகள் முடிந்த பிறகு குவார்ட்டர்பேக் கெல்லி பிரையன்ட்டை இறக்கிவிட்டு, முதலாண்டு மாணவன் டிரெவர் லாரன்ஸைத் தொடக்க ஆட்டக்காரனாக அறிவித்தார்கள். நான்கு போட்டிக்கு மேல் ஆடாவிட்டால் அந்த ஆண்டு கணக்கில் வராது என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. பிரையன்ட் நான்கோடு நிறுத்திக்கொண்டு அந்த வாரமே விலகினார். அடுத்த சனிக்கிழமை சிரக்யூசுக்கு எதிராக லாரன்ஸ் அடிபட்டு வெளியேற, யாரும் நினைத்தே பார்த்திராத சேஸ் பிரைஸ் உள்ளே வந்து 27-23 என்று ஜெயிக்க வைத்தார். கிளெம்சன் அந்தப் பருவத்தில் 15 போட்டியும் ஜெயித்து முடித்தது. பிரைஸ் அன்று சொதப்பியிருந்தால் இந்தக் கதையையே வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள் என்பார் எங்கள் கோச்.

என் வேலை இரண்டு பங்கு. காலையில் படம் எடுப்பது, மதியம் அதைத் துண்டுகளாக வெட்டி அடுக்குவது. காற்று பலமாக இருந்தால் மேலே ஏறக் கூடாது என்பதை முதல் நாளே நாலு தரம் சொன்னார்கள். 2010-ல் இந்தியானாவில் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், காற்றில் லிஃப்ட் சாய்ந்து இறந்துபோனார். என்னைப் போன்ற பகுதிநேர மாணவர்தான். அதைக் கேட்ட பிறகு ஏணியில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் மரக்கிளைகளைப் பார்த்துக்கொள்வேன்.

வெட்டி அடுக்கிய ஒவ்வொரு துண்டுக்கும் நான் ஒரு வரி எழுத வேண்டும். யார் எறிந்தது, எத்தனை கெஜம், பிடித்தார்களா, தவறவிட்டார்களா, எத்தனை நொடி பந்தைக் கையில் வைத்திருந்தான். பத்து நாளில் நானூறு வரிகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. யாரும் கேட்காமலே ஒரு அட்டவணை போட்டேன். பன்னிரண்டு எறிந்ததில் நூற்றுக்கு 71 போய்ச் சேர்ந்திருந்தது. ஏழுக்கு 62. ஒன்பது புள்ளி வித்தியாசம்! முதுகலை மாணவனுக்கு இப்படி ஒரு எண் கிடைத்தால் தலை கனக்கத்தான் செய்யும். பெரிய எழுத்தில் குவார்ட்டர்பேக் அறையின் திரையில் போட்டு, கோச் வந்து பார்க்கட்டும் என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கோச் வந்தார். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் யாருக்கு எதிராக?" என்றார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அப்புறம் புரிந்தபோது, நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பயிற்சியில் முதல் வரிசைத் தாக்குதல் அணி முதல் வரிசைத் தற்காப்புக்கு எதிராக ஆடும். இரண்டாம் வரிசை இரண்டாம் வரிசைக்கு எதிராக. ஏழு பெரும்பாலும் முதல் வரிசையோடு இருந்தான். எதிரே மாநிலத்திலேயே வேகமான பையன்கள். பன்னிரண்டுக்கு எதிரே நின்றவர்களில் பாதிப்பேர் ஸ்காலர்ஷிப்கூட இல்லாத வாக்-ஆன்கள். தேர்வுத்தாள் வேறு வேறு, நான் மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டிருக்கிறேன். புள்ளியியலில் முதல் பருவத்தில் கற்றுத்தரும் பாடம் இது. நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் வேறு.

ஒரே தற்காப்புக்கு எதிராக, ஒரே லைனுக்கு, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்குப் பின்னால் இருவரும் எறிந்தவற்றை மட்டும் எடுத்துப் போட்டேன். 64, 63. அதுவும் எழுபது சொச்சம் எறிதல்களில். அந்த ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அட்டவணையை அழித்தேன். அதற்குள் ஒரு தவறு நடந்திருந்தது. எனக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் அந்த நாட்களில்தான் உறைத்தது. பயிற்சியில் குவார்ட்டர்பேக்கின் ஜெர்சி வேறு நிறம். எங்களிடம் பச்சை. பச்சை என்றால் தொடக் கூடாது. பாய்ந்து வருகிறவன் கிட்டே வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போய்விடுவான். அடிபட்டு இடம் காலியாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு, நியாயம்தான். 2014-ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்ட் பயிற்சியில் யாரும் அடிக்காமலே, பந்தை எறிந்தபோதே தோள்பட்டை போய், அந்தப் பருவம் முழுக்க வெளியே இருந்தார். ஆக, விலா எலும்பில் ஒரு அடி வாங்கிய பிறகு அடுத்த பந்தை எப்படி எறிகிறான் என்பதுதான் தெரிய வேண்டும், அது மட்டும் ஆகஸ்டில் தெரியாது. நீச்சல் தெரிந்தவனைத் தரையில் படுக்க வைத்துத் தேர்வு செய்வது மாதிரி.

சரி, அப்புறம் எதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஒரு மாலை கோச் என் மேசைக்கு வந்து, "நீ வெட்டுவதற்கு முன்னால் இருக்கும் முழு வீடியோ இருக்கிறதா?" என்றார். நான் ஒவ்வொரு துண்டையும் ஸ்நாப்புக்கு ஒரு நொடி முன்னால் தொடங்குமாறு வெட்டிவந்தேன். அதற்கு முன்னால் எல்லாரும் சும்மா நிற்பார்கள், நடப்பார்கள், இடுப்புப் பட்டியைச் சரிசெய்வார்கள். இடம் வீண் என்று தூக்கிப் போட்டேன். நல்லவேளை, மூலப் பதிவு வட்டில் இருந்தது.

இருவரும் உட்கார்ந்து, நான் வெட்டி எறிந்ததை மட்டும் பார்த்தோம். ஒரு ஸ்நாப்பில் தொடங்கிப் பந்து நிற்கும்வரை ஒரு ஆட்டம், அது முடிந்து அடுத்ததற்கு 40 நொடி. அதற்குள் அடுத்து எந்த ஆட்டம் என்று ஓரத்திலிருந்து சைகை வர வேண்டும், குவார்ட்டர்பேக் அதைப் படித்து, வட்டமாக நிற்கும் பத்துப் பேருக்கும் வாயால் சொல்ல வேண்டும், எல்லாரும் போய் இடம் பிடிக்க வேண்டும். எங்கள் அணி இன்னும் ஹடில் போடுகிற, அதாவது இப்படி வட்டம் கட்டுகிற பழைய பாணி. ஏழு ஒருமுறை சொல்வான், வட்டம் கலையும். கடிகாரத்தில் 15, 16 நொடி மீதி இருக்கும். அந்த மிச்ச நேரத்தில் அவன் எதிரணியைப் பார்ப்பான், கையைக் காட்டி ஒருவனை இடம் மாற்றுவான், சில சமயம் ஆட்டத்தையே மாற்றுவான். பன்னிரண்டு சொல்லி முடிந்ததும் லைனில் யாராவது ஒருவன் தலையைத் திருப்பி அவனிடம் மறுபடி கேட்பான். மூன்று துண்டுக்கு ஒன்றில் இது நடந்தது. அவர்கள் வரிசையில் நிற்கும்போது ஆறு நொடிதான் இருக்கும். பிறகு அந்த அற்புதமான கையை வைத்து எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுவான். நான் பதிவு செய்துவந்தது அந்தச் சரிக்கட்டலை மட்டும்தான்.

கோச் ஒன்றும் விளக்கவில்லை. தலையைத் திருப்பும் அந்தப் பையன்களை மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொன்னார்.

முதல் போட்டிக்குப் பத்து நாள் முன்பு, ஒரு காலை ஆறரை மணிக்குத் தலைமைக் கோச் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஏழு. எட்டு மணிக் கூட்டத்தில் அணிக்கு அறிவித்தபோது கைதட்டல் ஒன்றுமில்லை. வரிசைப் பட்டியலில் இரண்டு பெயர் இடம் பிடித்தன, அவ்வளவுதான். 2015-ல் ஒஹையோ ஸ்டேட் மாதிரி முதல் போட்டியின் முதல் ஆட்டம்வரை யார் என்று சொல்லாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. எதிரணியைக் குழப்பலாம் என்பார்கள். சொந்த அணியும் கூடவே குழம்பும் என்பது என் எண்ணம். ஆனால் அவர்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டு கோப்பையை வாங்கித் தந்தவர் மூன்றாவது குவார்ட்டர்பேக்கான கார்டேல் ஜோன்ஸ். அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை எதற்கு?

அன்று மாலை வீடியோ அறைக் கதவைத் தட்டிக்கொண்டு பன்னிரண்டு வந்தான். ஆறடி நாலங்குலம். உட்காரவில்லை.

"உன் கணக்கில் நான்தானே முன்னால் இருந்தேன்?"

நான் திரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் அவன் அந்த அறைக்கு வந்திருக்கிறான். 71, 62. இரண்டு வாரமாக அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்து போயிருக்கிறான். வீட்டுக்கும் சொல்லியிருக்கிறான். நானோ அழித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அந்தக் கணக்கு தப்பு என்றேன். எப்படித் தப்பு என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 64, 63. யாருக்கு 64 என்று கேட்டான். "உனக்கு" என்றேன். சிரித்துவிட்டான், நல்ல சிரிப்பு இல்லை.

ஆறுதலுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2018 ஜனவரியில் தேசியச் சாம்பியன்ஷிப் போட்டியின் இடைவேளையில், ஜார்ஜியாவிடம் 0-13 என்று பின்தங்கியிருந்தபோது அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு டுவா டங்கவைலோவாவை இறக்கினார் கோச் நிக் சேபன். கூடுதல் நேரத்தில் 26-23 என்று கோப்பை. அதே ஆண்டு டிசம்பரில் அவர்கள் லீக்கின் இறுதிப் போட்டியில் டுவா அடிபட, பெஞ்சிலிருந்து வந்த ஹர்ட்ஸ் அதே ஜார்ஜியாவை 35-28 என்று தோற்கடித்தார். இதைப் பாதி சொல்லும்போதே அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அலபாமா கதை அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெஞ்சில் உட்காரப் போகிற எவனுக்கும் எல்லாரும் சொல்கிற கதை அது.

"ஏழு செய்வதில் நான் செய்யாதது என்ன?"

அதைச் சொல்வது என் வேலை இல்லை, கோச்சின் வேலை. ஆனால் கடன் பட்டவன் மாதிரி இருந்தது எனக்கு. கோச்சைக் கேட்டுவிட்டு வெட்டாத வீடியோவை ஒரு வட்டில் போட்டுக் கொடுத்தேன். ஸ்நாப்புக்கு அப்புறம் பார்க்க வேண்டாம், முன்னால் மட்டும் பார் என்றேன். நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான்.

அக்டோபரில் ஒரு மழைச் சனிக்கிழமை, இரண்டாவது கால் பகுதியில் ஏழுக்குக் கணுக்கால் பிசகியது. பச்சை ஜெர்சி இல்லாமல் பன்னிரண்டு உள்ளே ஓடினான். நான் மைதானத்தின் கோடியில், கேமராவுக்குப் பின்னால். முதல் ஹடில் கலைந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன், 14. யாரும் தலையைத் திருப்பவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது ஆட்டத்தில் நின்று கைகாட்டி, இடம் மாற்றி, மறுபடி இடம் மாற்றி, 40 நொடியும் தீர்ந்து, தாமதத்துக்காக ஐந்து கெஜம் அபராதம் வாங்கினான். அதையும் எழுதிக்கொண்டேன்.