கொடுக்கல் வாங்கலை எந்தத் தராசில் நிறுப்பது?

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் கிலோ 20 விலையில் 600 கிலோ சரக்கு சங்கத்துக்குப் போட்டிருக்கிறார். இன்னொருவர் கிலோ 45 விலையில் 400 கிலோ. ஆண்டு முடிவில் பிரிக்க வேண்டிய உபரி 5,000. எடையை வைத்துப் பிரித்தால் முதலாமவருக்கு 3,000, இரண்டாமவருக்கு 2,000. மதிப்பை வைத்துப் பிரித்தால் 12,000-க்கு 18,000 என்ற கணக்கு. பங்கு அப்படியே தலைகீழ்!

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் சட்டம் ‘பேட்ரனேஜ்’ என்று பேர் வைத்திருக்கிறது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1388-ஆம் பிரிவு, வியாபாரத்தின் அளவு, மதிப்பு இரண்டில் எதை வைத்தும் பிரிக்கலாம் என்கிறது. இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 378ஏ பிரிவு, உற்பத்தியாளர்களே உறுப்பினராக இருக்கும் ‘உற்பத்தியாளர் நிறுவன’த்தின் தொழிலில் பங்கேற்று அதன் சேவையை உறுப்பினர் பயன்படுத்துவதே பேட்ரனேஜ் என்கிறது. எடையா, மதிப்பா என்று அந்த வரையறை சொல்லவில்லை. அதைச் சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியில் நாம்தான் எழுத வேண்டும்.

உபரி எதிலிருந்து விளைந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கிலோவுக்கு இவ்வளவு என்று கையாளும் கட்டணம் பிடிக்கிற சங்கத்துக்கு எடைதான் சரி. விற்பனையில் சதவீதக் கமிஷன் எடுத்தால் மதிப்பு. தரம் கலந்து வரும் சரக்கென்றால் வெறும் எடை அநியாயம். தரத்துக்கு ஒரு பெருக்கெண் வைத்து எடையோடு பெருக்க வேண்டும். இரண்டு மூன்று பொருள் கையாண்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஒன்றில் நஷ்டம் வந்தால் மற்றதன் உபரியில் கழிக்கலாமா என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நஷ்டம் வந்த பிறகு அதைப் பேச உட்கார்ந்தால் கூட்டம் சண்டையில்தான் முடியும்.

நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்தில் அளவுகோல், உறுப்பினர் வாங்கிய தொகை. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் முன்னோடிகள் என்ற கூட்டுறவுக் குழுவினர் தொடங்கிய கடையின் வழியும் அதுதான். வரியையும் திருப்பிக் கொடுத்த சரக்கையும் கழித்த பிறகே தொகையை எடுக்க வேண்டும். தொழிலாளர்களே உறுப்பினரான கூட்டுறவில் உழைப்பே பேட்ரனேஜ். 1965-இல் ப்யூஜெட் சவுண்ட் பிளைவுட் என்ற தொழிலாளர் கூட்டுறவின் வழக்கில் அமெரிக்க வரி நீதிமன்றம் அதை ஏற்றது. இங்கே மணிக்கணக்கா, ஊதியமா என்ற கேள்வி வரும். ஊதியத்தை வைத்தால் அதிகச் சம்பளக்காரருக்கு உபரியிலும் அதிகம் போகும். மணியை வைத்தால் எல்லோரின் ஒரு மணிக்கும் ஒரே எடை. என் ஓட்டு மணிக்கு. ஆனால் ஓவர்டைம் ஒரு மணியா ஒன்றரையா, நோய் விடுப்பு சேருமா சேராதா என்று எழுதாத துணைவிதி பாதித் துணைவிதிதான்.

அமெரிக்கச் சட்டம் இன்னும் சில நிபந்தனைகள் போடுகிறது. கொடுக்க வேண்டிய கடப்பாடு, பணம் சங்கத்தின் கைக்கு வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆண்டு முடிந்து லாபத்தைப் பார்த்த பிறகு நிர்வாகக் குழு ‘கொடுக்கலாமே’ என்று தீர்மானம் போட்டால் அது பேட்ரனேஜ் பங்கு ஆகாது. ஒரே மாதிரிப் பரிவர்த்தனைக்கு ஒருவருக்குக் கூட்டி, ஒருவருக்குக் குறைத்தும் கொடுக்க முடியாது. பணமாகக் கொடுக்காமல் உறுப்பினர் பேரில் வரவு வைத்து எழுத்துமூலம் அறிவித்தால், அந்தத் தொகைக்கு உடனே வரிக்கழிவு கிடைக்கக் குறைந்தது 20 சதவீதமாவது பணமாகப் போக வேண்டும்.

தணிக்கையில் அடிக்கடி மாட்டுவது வேறிடம்: உறுப்பினர் அல்லாதவரோடு செய்த வியாபாரம். 1,00,000 உபரியில் 30,000 அவர்களால் வந்தது என்றால், உறுப்பினருக்கு மட்டும் பங்கு தரும் சங்கம் பிரிக்க வேண்டியது 70,000 மட்டுமே. காலியாகக் கிடந்த கட்டடத்தின் வாடகையும் இந்த 70,000-க்குள் நுழையக் கூடாது. பொதுச் செலவையும் இரு பக்கத்துக்கும் பங்கிட்டுத்தான் அந்த எண்ணுக்கே வர வேண்டும். செலவு முழுவதையும் வெளியார் தலையில் கட்டினால் உறுப்பினர் உபரி ஊதிப்போகும்.

பதிவேட்டிலும் ஓட்டை விழும். வெளியாரின் சரக்கை உறுப்பினர் தன் எண்ணில் போடுவது, ஒரு குடும்பத்தின் இரண்டு உறுப்பினர் சரக்கு ஒரே பேரில் ஏறுவது, நடுவில் சேர்ந்தவருக்கு ஆண்டு முழுவதையும் கணக்கிடுவது. பொதுப் பேரவைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்குச் சீட்டைக் கொடுத்து, ஆட்சேபத்துக்கு 15 நாள் விட்டால் பெரும்பாலானவை அங்கேயே சரியாகிவிடும்.

இந்திய உற்பத்தியாளர் நிறுவனத்தில் உபரியிலிருந்து பேட்ரனேஜ் விகிதத்தில் உறுப்பினருக்குத் தருவதற்குப் போனஸ் என்று பேர். பேட்ரனேஜ் எண் அந்தப் போனஸோடு நிற்பதில்லை. விதிகளில் இடமிருந்தால், குறிப்பிட்ட அளவும் காலமும் பேட்ரனேஜ் செய்த ‘செயல்படும் உறுப்பினர்’களுக்கு மட்டுமே வாக்கு என்று வைக்கலாம். காப்பு நிதிக்குப் பணம் போதாத ஆண்டில் அந்தப் பற்றாக்குறையும் பேட்ரனேஜ் விகிதத்தில்தான் உறுப்பினர்மேல் விழும். போனஸ் வாங்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

நிறுத்திவைத்த விலையைப் போனஸோடு சேர்த்துக் குழப்பும் கணக்கர்களும் உண்டு. அது உறுப்பினர் போட்ட சரக்குக்குரிய விலையின் மிச்சம்; சங்கம் பட்ட கடன். உபரியைக் கணக்கிடும் முன்பே அதைச் செலவில் ஏற்றியாக வேண்டும். போனஸ், பங்குப் பணத்துக்கு வரையறுத்த ஈவும் காப்பு நிதியும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதிலிருந்து வருவது. ரசீதில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.