சுவரைத் திருப்பி வைத்தவர்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் நவீன கலைப் பிரிவுக்கான புதுக் கட்டடத்தை வடிவமைக்க 2022-ல் மெக்சிகோ கட்டடக் கலைஞர் ஃப்ரீடா எஸ்கொபேடோவைத் தேர்ந்தெடுத்தது. அந்த அருங்காட்சியகத்தில் ஒரு பிரிவுக் கட்டடத்தை வடிவமைக்கும் முதல் பெண் என்று எல்லாரும் எழுதினார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அவர் யார் என்று என்னைக் கேட்டால் குவெர்னவாக்காவிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மெக்சிகோ சிட்டிக்குத் தெற்கே இருக்கிற ஊர் அது. சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் 1960-களில் அங்கே வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டு, 1974-ல் இறக்கும்வரை வேலை செய்தார். ஓவியம் பொது இடத்தில், எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய மனிதர். ஆனால் அவருடைய பட்டறையிலேயே பிரம்மாண்டமான ஓவியச் சுவர்கள் முற்றத்துக்குள் அடைபட்டுக் கிடந்தன. அதைப் புதுப்பிக்கும் வேலை எஸ்கொபேடோவிடம் வந்தபோது அவருக்கு முப்பது வயதைச் சற்றுத் தாண்டியிருக்கும். அந்தச் சுவர்களை அவர் அப்படியே திருப்பி, பக்கத்துச் சதுக்கத்தைப் பார்க்க வைத்துவிட்டார். முற்றம் திறந்துகொண்டது. ஓவியங்களே வாசல் ஆகிவிட்டன. இப்போது சதுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் சிகெய்ரோஸைப் பார்க்கலாம்.

கட்டட வேலையில் இருக்கும் எனக்கு இந்த முடிவின் துணிச்சல் புரிகிறது. புதிதாக என்ன கட்டித் தருவீர்கள் என்றுதான் யாரும் கேட்பார்கள். இருப்பதை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று யோசிக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

அதே கட்டடத்தைச் சுற்றி சிமென்ட் ஜாலிச் சுவர், அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய பின்னல் சுவர் ஒன்றும் எழுப்பினார். காற்றும் வெளிச்சமும் வரும், வெயில் வடிகட்டப்படும். மெக்சிகோவில் சாதாரண வீடுகளிலும் காணக்கூடிய சமாச்சாரம்தான்.

2018 கோடையில் லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் செர்பென்டைன் கலைக்கூடத்துக்காக அவர் கட்டிய தற்காலிக மண்டபமான செர்பென்டைன் பெவிலியனில் அந்த ஜாலியை நேரில் பார்த்தேன். கூரை வேயும் சாம்பல் நிற சிமென்ட் ஓடுகளை அடுக்கியே சுவர் எழுப்பியிருந்தார். பிரிட்டனிலேயே செய்த ஓடுகள். நேராக நின்றால் இடுக்குகள் வழியே புல்வெளி பச்சையாகத் தெரியும். இரண்டடி நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் சுவர் கெட்டியாக மூடிக்கொள்ளும். தரையில் முக்கோணமாக ஒரு மெல்லிய நீர்ப்பரப்பு. மேலே வளைந்த கூரையின் அடிப்புறம் கண்ணாடி. நீரில் கால் வைத்த குழந்தைகள் தங்களைத் தலைகீழாக மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்முற்றத்தின் அச்சு கிரீன்விச் தீர்க்கரேகைக்கு இணையாக வடக்கு நோக்கி ஓடியது. உலகத்துக்கே நேரம் வகுத்த கோட்டுக்கு இணையாக மெக்சிகோ முற்றம் ஒன்றை விரித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2010-ல் மெக்சிகோ சிட்டியின் எல் எகோ அருங்காட்சியக முற்றத்தில் அவர் வெறும் சிமென்ட் கற்களைப் பரப்பி, வருகிறவர்களே இஷ்டம்போல் நகர்த்தி அடுக்கிக்கொள்ள விட்டார். காசு கொட்டாமல் இவ்வளவு செய்ய முடிகிறவர் அவர்.

மெட்ரோபாலிட்டனின் புதுக் கட்டட முகப்பிலும் ஜாலி வருகிறது, இம்முறை சுண்ணாம்புக் கல்லில். 2030-ல் திறப்பதாகத் திட்டம். பாரிஸின் நவீன கலைக்கூடமான பொம்பிடு மையத்தைப் புதுப்பிக்கும் குழுவிலும் இருக்கிறார். எல்லாவற்றையும் பார்க்க ஆசைதான். ஆனாலும் விமான டிக்கெட் வாங்கக் காசு சேர்ந்தால் நான் முதலில் போகப்போவது குவெர்னவாக்காவுக்குத்தான்.