முதுகுவலிக்கு ஒரு சிறுநீர்ச் சோதனை

மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவருக்கு நோயாளியின் முகம் தெரியாது. குழாயும் எண்ணும்தான் தெரியும். அந்த எண்ணிலிருந்து ஒருவருடைய வலிவரை இடைவெளியில்லாமல் போய்ச் சேர முடிந்த நோய் எது என்று கேட்டால், அல்காப்டோனூரியா என்பேன். அரிய நோய். பணிக்காலம் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு.

எனக்கு வந்த மாதிரியோடு இருந்த சீட்டில் 'நாள்பட்ட முதுகுவலி' என்று மட்டும் எழுதியிருந்தது. பெனடிக்ட் சோதனையில் சர்க்கரை இருப்பதுபோல் வீழ்படிவு; குளுக்கோஸ் பட்டையிலோ ஒன்றுமில்லை. பட்டையில் இருக்கும் நொதி குளுக்கோஸை மட்டுமே தேடும். பெனடிக்ட் கரைசலுக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது, எலக்ட்ரான் தரும் வேறு பொருள்களுக்கும் (ஒடுக்கிகளுக்கும்) மசியும். மீதமிருந்த சிறுநீரில் சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டுகள் விட்டேன். காற்றுப்படும் மேற்பரப்பு முதலில் பழுப்பாகி, பிறகு கறுப்பு மெல்லக் கீழே இறங்கியது. ஹோமோஜென்டிசிக் அமிலம்தான் என்பதை நிறை நிறமாலைமானி பின்னர் உறுதிசெய்தது.

அல்காப்டோனூரியாவில், டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாததால் சேரும் அமிலம் இது. பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியது ஆக்சிஜனேற்றமடைந்து நிறமியாகக் குருத்தெலும்பில் படிகிறது. குருத்தெலும்பு விறைத்து நொறுங்குகிறது. பிறவியிலேயே இருக்கும் குறை நடுவயதை நெருங்கும்போது முதுகுவலியாக வெளிப்படுவது இந்த மெதுவான படிவால்தான். இது பரம்பரையாக வரும் வேதியியல் குறை என்று ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரோட் 1902-இலேயே எழுதிவிட்டார். கல்லீரலில் அந்த நொதி செயல்படவில்லை என்று காட்ட 1958 ஆயிற்று; மரபணு 1996-இல் கிடைத்தது.

காரணம் தெரிந்தால் மருந்து தானாக வந்துவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வைட்டமின் சி கொடுப்பது தாளில் அழகான யோசனை; நோயாளிகளிடம் அது பெரிதாகப் பலன் தரவில்லை. பலன் தந்த நிட்டிசினோன் என்ற மருந்து களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்தது. பழுதான நொதியை அது சரிசெய்வதில்லை. அதற்கு முந்தைய படி ஒன்றை அடைத்து, அமிலம் உருவாவதையே பெருமளவு குறைக்கிறது. ஐரோப்பாவில் 2020-இல் இந்நோய்க்கு அதைக் கொடுக்க அனுமதி கிடைத்தது. ஆனால் வழியை அடைத்தால் டைரோசின் இரத்தத்தில் ஏறும், விழிவெண்படலத்தைப் பாதிக்கலாம். ஆகவே மருந்து தொடங்கியவர்களின் இரத்தம் இப்போதும் எங்களிடம் வருகிறது, டைரோசின் அளவு பார்க்க.