ஆறு பைசாவும் முப்பத்திரண்டு நொடியும்

ஃபைபர் இணைப்போடு தரும் லேண்ட்லைனில் பழைய போனையே செருகலாம், டயல் டோனும் கேட்கும். ஆனால் அந்த டோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை. ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டிதான் அதை உண்டாக்குகிறது. குரலை பாக்கெட்டாக, அதாவது சின்னச் சின்ன டேட்டாத் துண்டாக வெட்டி அனுப்புவதும் அதுவே.

குரலை எண்களாக மாற்றும் ஜி.711 கோடெக் அதை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டில் எழுதுகிறது. 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்: குரல் 160 பைட், முகவரி முதலிய விவரம் எழுதிய தலைப்பு (ஹெடர்) 40 பைட். நொடிக்கு ஐம்பது பாக்கெட் என்றால் ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ். இரு திசையும் சேர்த்து ஒரு மணி நேரப் பேச்சுக்கு 72 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி தரும் பிளானில் இருபது மணி நேரம் பேசலாம்! இந்தக் கணக்கு வெளிப்பட்ட பிறகு நிமிடத்துக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பது எப்படி நிலைக்கும்?

இந்தியாவில் அது மெதுவாகத்தான் சரிந்தது. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு எண்ணுக்குப் பேசலாம், இந்தியாவுக்குள் எந்த எண்ணுக்கும் கூடாது என்பதே அப்போதைய விதி. எஸ்டிடி என்ற வெளியூர் அழைப்பின் வருமானத்தை அந்தத் தடை பல வருடம் காப்பாற்றியது. 2016 செப்டம்பரில் ஜியோ 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜியோடு மட்டும் வந்தது. அதில் எல்லா அழைப்பும் வோல்ட்இ, அதாவது பாக்கெட் குரல். வேறு நெட்வொர்க்குக்கு அழைத்தால் அவர்களுக்குக் கட்டவேண்டிய இணைப்புக் கட்டணம் அப்போது நிமிடத்துக்கு 14 பைசா. 2017 அக்டோபரில் அது 6 பைசாவானது, 2021 ஜனவரியில் பூஜ்யமானது. நிமிடம் என்ற சரக்குக்கு விலையே இல்லாமல் போனது அன்றுதான் என்பேன்.

வோல்ட்இயையும் வாட்ஸ்அப் அழைப்பையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். வோல்ட்இ பாக்கெட்டுக்கு நெட்வொர்க்கில் தனி முன்னுரிமை உண்டு. வாட்ஸ்அப் குரல், பக்கத்து அறையில் ஓடும் வீடியோவோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். டவுன்லோடு வேகம் நன்றாக இருந்தும் குரல் உடைகிறதா? அப்லோடைப் பாருங்கள். போட்டோ பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள்.

அலுவலகத்தில் இணையம் வழியே பேசும் ஐபி போன் வைத்தவர்களை அதிகம் படுத்துவது வேறு இரண்டு கோளாறுகள். ஒன்று, ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது. போன் தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை எழுதி அனுப்புகிறது. எதிர்முனை குரலை அங்கே அனுப்பினால் அது வந்து சேராது. இன்னொன்று, போனை எடுத்த முப்பத்திரண்டாவது நொடியில் அழைப்பு அறுந்துபோவது. எடுத்தவரின் போன் 'எடுத்தாயிற்று' என்ற செய்தியை அனுப்பி, அழைத்தவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. அழைப்பைத் தொடங்கி முடிக்கும் எஸ்ஐபி நெறிமுறையின் விதிப்படி காத்திருப்பு அரை நொடியின் 64 மடங்கு. அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் அதுவே அழைப்பை முடித்துவிடும். ஆகவே சரியாக 32 நொடியில் அறுந்தால் லைனைத் திட்டாதீர்கள். ஒப்புதல் செய்தி வழியில் எங்கோ தொலைகிறது.

பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ரூட்டரில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. முகவரியைத் திருத்தித் தருவதாகச் சொல்லி அரைகுறையாகத் திருத்தி வைக்கும். முதலில் அதை அணைத்து, ரூட்டரையும் போனையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு போனில் கீப்-அலைவ் (இணைப்பு மூடிவிடாதபடி போன் அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) இடைவெளியை 30 நொடிக்குள் வையுங்கள். ஓஎன்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டரும் இருந்தால் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு மாற்றுவது நல்லது. அப்போது ஓஎன்டி அமைப்பில் இன்டர்நெட்டுக்கான வான் (WAN, வெளி இணைப்பு) பதிவை மட்டும் மாற்றுங்கள். குரலுக்கான வாய்ஸ் வானைத் தொட்டால் லேண்ட்லைன் செத்துவிடும்.

கரண்ட் விஷயமும் உண்டு. செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் அனுப்பியது, ஊரே இருட்டானாலும் போன் அடித்தது. ஓஎன்டி வீட்டுக் கரண்டில்தான் ஓடும், பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில். வயதானவர்கள் லேண்ட்லைனை நம்பியிருக்கும் வீட்டில் மினி யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். வாங்குமுன் யுபிஎஸ் தரும் வோல்ட் அடாப்டரில் அச்சிட்டதேதானா, ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டர் தனியாக இருந்தால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.